வாய்விட்டுப் படியுங்கள்

நமது சங்க மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் எழுத்தாளன் அல்லன். தமிழ் படித்த வித்வானும் அல்லன். திருச்சியில் சிவில் டிப்ளமா முடித்து, 1979-ல் தென்கிழக்கு ரயில்வேயின் நாகபுரி டிவிஷனில் வேலைக்குச் சேர்ந்து, 38 ஆண்டுகள் தண்டவாளம் பார்த்துவிட்டு 2017-ல் ஓய்வு பெற்றவன். "எப்போது வந்தாலும் கையில் புத்தகத்தோடு இருக்கிறீர்களே, அந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதுங்கள்" என்றார். சரி என்றேன். ஆனால் பெருமைக்காக அல்ல. அந்தப் பழக்கத்தில் நான் செய்த ஒரு பெரிய தவறு உண்டு. அதை நம் குடும்பங்கள் தெரிந்துகொண்டால் நல்லது என்பதற்காகவே எழுதுகிறேன்.

திண்ணையில் தொடங்கியது

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். நான் பிறந்தது 1957-ல். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அதற்கு முன்பே, 1950 முதல் 1954 வரை, பத்திரிகையில் தொடராக வந்து முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் அத்தை வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தார். மாலையில் விளக்கு வைத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். தெருவில் நாலைந்து பெண்கள் வந்து உட்காருவார்கள். அவர்களில் எழுத்துத் தெரியாதவர்களும் உண்டு. வந்தியத்தேவன் எங்கே மாட்டிக்கொண்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். புத்தகம் ஒன்று, படிப்பவர் ஒருவர், அனுபவிப்பவர்கள் பத்துப் பேர். படிப்பு என்றால் அதுதான் என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

பிறகு பள்ளிக்கூடம், ஊர் நூலகம், பாலிடெக்னிக் என்று போகப் போக, சத்தமில்லாமல் படிக்கப் பழகிவிட்டேன். மனத்துக்குள் படித்தால் வேகமாகப் படிக்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. தவறு பின்னால் வந்தது.

டிராலியில் வந்த புத்தகங்கள்

பர்மனென்ட் வே இன்ஸ்பெக்டர் வேலையில் வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு. கோந்தியா, டோங்கர்கர், தரேகசா என்று லைனிலேயே காலம் போகும். டிராலியில் என் பையில் கேஜ், ஸ்பிரிட் லெவல், டிபன் கேரியர், அதோடு ஒரு புத்தகம் எப்போதும் இருக்கும். பிளாக் கிடைக்கும்வரை மரத்தடியில் காத்திருக்கும்போது நாலு பக்கம், ரெஸ்ட் ஹவுஸில் இரவு ஆறு பக்கம்.

தமிழ்ப் புத்தகம் கிடைப்பது எளிதாக இல்லை. தெற்கே ரயில் நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் கடை இருக்கும். வடக்கே வீலர் கடை. வீலரில் இந்தியும் ஆங்கிலமும்தான் அடுக்கியிருக்கும். ஊரிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் வருகிறவர்களிடம் சொல்லி வைப்போம். ஒரு வார இதழ் எங்கள் காலனியில் ஏழெட்டு வீடு சுற்றி, கடைசியில் அட்டை இல்லாமல் என்னிடம் திரும்பி வரும்.

இந்த வேலையில் நான் கற்ற பாடம் ஒன்று படிப்புக்கும் பொருந்தும். பாதையைக் காப்பது வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் பெரிய பழுதுபார்ப்பு மட்டும் அல்ல. கீமேன் தினமும் சுத்தியலும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு தன் எல்லை முழுவதும் நடக்கிறானே, தளர்ந்த கீயைத் தட்டி, போல்ட்டை முடுக்குகிறானே, அதுதான் பாதையைக் காக்கிறது. படிப்பும் அப்படியே. நாளுக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 3650 பக்கம். 300 பக்கப் புத்தகங்களாகக் கணக்கிட்டால் பன்னிரண்டு. முப்பது ஆண்டில் 360 புத்தகங்கள். "நேரமில்லை" என்று சொல்லும் அன்பர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு பழக்கம். எந்தப் புத்தகத்தை முடித்தாலும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தேதியும் இடமும் எழுதுவேன். புரியாத சொல்லைத் தனி நோட்டில் குறித்து வைப்பேன். யாருக்காவது இரவல் கொடுத்தால் அதற்கும் ஒரு பதிவு உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் ரிஜிஸ்டர் எழுதிய கை சும்மா இருக்காதல்லவா?

மனத்துக்கு நெருங்கிய சில நூல்கள்

படித்தவை எல்லாவற்றையும் சொல்ல இடமில்லை. நம்மைப்போல் வெளியூரில் வாழ்கிறவர்களுக்குப் பயன்படும் என்று நான் கருதும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, டாக்டர் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்தது. அவர் 1942-ல் காலமானதால் முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. 1855-ல் உத்தமதானபுரத்தில் பிறந்த ஒரு பையனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆசிரியர் தேடி, அவருடைய தகப்பனார் ஊர் ஊராகக் குடிபெயர்கிறார். நாம் பிழைப்புக்காக ஊர் மாறினோம். அவர்கள் பாடத்துக்காக மாறினார்கள். பிறகு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கிறார். 'பாடம் கேட்டல்' என்ற சொல்லையே கவனியுங்கள். அன்றைய கல்வி வாயாலும் காதாலும் நடந்தது. பிள்ளையவர்கள் செய்யுள் சொல்லச் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதுவார். பின்னாளில் சீவக சிந்தாமணியை 1887-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும் அச்சில் கொண்டுவந்த பெரியவர், இப்படித்தான் உருவானார். 1876-ல் ஆசிரியரின் இறுதி நேரத்தில் மாணவர் பக்கத்தில் இருந்து திருவாசகம் வாசித்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதன் முழுப் பொருள் பின்னால்தான் எனக்கு விளங்கியது.

இரண்டாவது, அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. இதை ரயில்வே குடும்பத்தார் எல்லோரும் படிக்க வேண்டும். அசோகமித்திரன் 1931-ல் செகந்தராபாத்தில் பிறந்தவர். தகப்பனார் நிஜாம் ரயில்வேயில் வேலை பார்த்தவர். கதையின் நாயகன் சந்திரசேகரனும் ரயில்வே ஊழியரின் மகன். குடியிருப்பு, கிரிக்கெட், கல்லூரி, உருது பேசும் அக்கம்பக்கம் என்று போகும் வாழ்க்கைக்குள், ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா என்ற கேள்வி 1947, 48-ல் மெல்ல மெல்ல நுழைகிறது. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வரும் வரையிலான பதற்றத்தை ஒரு பையனின் கண்ணால் காட்டுகிறார். சத்தம் போடாத எழுத்து. வெளியூரில் வளரும் தமிழ்ப் பையனுக்கு எது சொந்த ஊர் என்ற கேள்வியை இதைவிட நேர்மையாகக் கேட்ட நாவலை நான் படித்ததில்லை. நாகபுரி இருப்பது 21-ஆவது அட்சக்கோட்டில். கொஞ்சம் வடக்கே, அவ்வளவுதான் வித்தியாசம். ஆசிரியர் 2017-ல், நான் ஓய்வு பெற்ற ஆண்டிலேயே, மறைந்தார்.

மூன்றாவது, ஒரு மொழிபெயர்ப்பு. தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்'. வங்காளத்தில் 1956-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நாவல். தமிழில் த.நா. குமாரஸ்வாமி தந்திருக்கிறார். நாடி பிடித்தே மரணத்தை அறியும் கிராமத்து வைத்தியர் ஒருவரும், புது மருத்துவம் படித்த இளம் டாக்டரும் எதிரெதிரே நிற்கும் கதை. எங்கள் டிவிஷனில் வங்காளிகள் நிறைய. இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் அவர்களோடு வேலையைத் தாண்டிப் பேச எனக்கு ஒரு விஷயம் கிடைத்தது. அதுபோல, கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்த்த காண்டேகரைத் தமிழில் படித்துவிட்டு என் மராட்டிய நண்பரிடம் பேசியபோது, "எங்கள் பாவுசாஹேப் உங்கள் ஊரிலுமா!" என்று அவர் வியந்தார். பக்கத்து வீட்டாரை அவர்கள் மொழியில் படிக்க முடியாவிட்டாலும், நம் மொழியில் படிக்கலாம்.

நான் செய்த தவறு

இப்போது தவறுக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். 1984-ல் பிறந்தாள். இந்தியும் ஆங்கிலமும் மராத்தியும் பள்ளியில் வந்தன. வீட்டில் தமிழ் பேசினோம். எழுத்து? "லீவில் கற்றுத்தரலாம்" என்று நானும், "அப்பா கற்றுத்தருவார்" என்று என் மனைவியும் தள்ளிப்போட்டோம். லீவு வரும், நான் லைனில் இருப்பேன். வீட்டில் இருக்கும் நாளில் நாற்காலியில் சாய்ந்து மௌனமாகப் படித்துக்கொண்டிருப்பேன். என் மகள் பார்த்ததெல்லாம் புத்தகத்தின் அட்டையைத்தான். உள்ளே இருந்தது என்ன என்று அவளுக்குத் தெரிய நான் வழி செய்யவில்லை. 400 புத்தகம் சேர்த்த வீட்டில், ஒரு பக்கம்கூடப் பிள்ளையின் காதில் விழவில்லை.

2014-ல் என் மனைவி காலமானார். வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்றாகியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

2019 மழைக்காலத்தில் வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. இடது கண்ணில் ஏற்கெனவே புரை. அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் வாயு செலுத்தி, பத்து நாள் முகத்தைக் குப்புற வைத்தே இருக்க வேண்டும், ஆறு வாரம் எதையும் படிக்கக்கூடாது என்றார்கள். மகள் வீட்டில் படுத்திருந்தேன். இரண்டாம் நாளே பொறுக்க முடியவில்லை. "ஏதாவது ஒரு பக்கம் படித்துக் காட்டம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. மகள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு எழுத்துத் தெரியாதேப்பா" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் அல்ல. மன்னிப்புக் கேட்கும் குரலில். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

ஆசிரியருக்குப் பக்கத்தில் இருந்து திருவாசகம் வாசித்த மாணவர் அப்போது நினைவுக்கு வந்தார். படித்துக்காட்ட ஒருவரைத் தயார் செய்து வைத்திருந்தார் அந்தக் குரு. நான் செய்யவில்லை.

குப்புறப் படுத்து நடத்திய பாடம்

அப்போது என் பேத்திக்குப் பத்து வயது. "தாத்தா, எழுத்து எப்படி இருக்குன்னு நான் சொல்றேன். நீங்க என்னன்னு சொல்லுங்க" என்றாள். வீட்டில் பழைய அம்புலிமாமா இதழ்கள் பைண்டு செய்தது இருந்தது. 1947-ல் தொடங்கிய அந்த இதழ் இப்போது வெளிவருவதில்லை. நல்ல வேளையாக நான் எறியவில்லை. ஒரு கதையின் நடுவில் விரலை வைத்தாள்.

"ஒரு பெட்டி தாத்தா, மூடி இல்லை."

"அது ப."

"அடுத்தது இங்கிலீஷ் எல் மாதிரி. மேலே புள்ளி."

"அது ட். புள்ளி வைத்தால் பாதி ஓசை."

"மறுபடி அதே எல். புள்ளி இல்லை."

"ட."

"இப்போ பெட்டி மாதிரி, வலது பக்கம் ஒரு சுழி, மேலே புள்ளி."

"ம். சேர்த்துச் சொல்லு."

"ப…ட்…ட…ம். பட்டம்! சங்கராந்திக்கு விடறதா தாத்தா?"

அதுதான் அவள் படித்த முதல் தமிழ்ச் சொல். 247 எழுத்தையும் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தால் மூன்றாம் நாள் ஓடியிருப்பாள்.

இந்தி படித்த பிள்ளைகளுக்கு எங்கே தடுக்கும் என்பதை அந்த ஆறு வாரத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். கற்றுத்தர நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்று: இந்தியில் 'க'வுக்கு நான்கு எழுத்து, நமக்கு ஒன்று. "எந்த ஓசை என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். விதி எளிது. சொல்லின் தொடக்கத்திலும், இரட்டித்து வரும்போதும் வல்லோசை: கண், பக்கம். மெல்லின எழுத்துக்குப் பின்னாலும், இரண்டு உயிரோசைக்கு நடுவிலும் மென்மை: தங்கம், மகன். ட, த, ப மூன்றுக்கும் இதே வழிதான்: பாட்டு, பாடு, அப்பம், அம்பு. பிற மொழியிலிருந்து வந்த சொற்களில் மட்டும் மாறும். தமிழ் பேசும் குழந்தைக்கு இது காதிலேயே இருக்கிறது; சுட்டிக்காட்டினால் போதும்.

இரண்டு: எ, ஒ என்ற குறில்களுக்கு இந்தியில் எழுத்து இல்லை. எடு, ஏடு, கொடு, கோடு என்று ஜோடி ஜோடியாகப் படிக்க வைக்க வேண்டும். ஒற்றைச் சுழிக் கொம்பு குறில், இரட்டைச் சுழிக் கொம்பு நெடில்.

மூன்று: பழைய புத்தகங்களில் லை, ளை, னை, ணை ஆகியவை யானைத் துதிக்கை போல மேலே சுழித்து நிற்கும். னா, றா, ணா முதலியவையும் வேறு வடிவம். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகே இன்றைய வடிவம் பரவியது. முன்பே சொல்லிவிட்டால் குழந்தை மிரளாது. என் பேத்தி அவற்றுக்கு 'யானை எழுத்து' என்று பெயர் வைத்தாள்.

நான்கு: பேசுவது ஒன்று, எழுதியிருப்பது ஒன்று. "வந்துகொண்டிருக்கிறான்" என்று எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுப் பொருள் தெரியாமல் விழித்தாள். சமையலறையிலிருந்து என் மகள், "வந்துக்கிட்டு இருக்கான்டி" என்று குரல் கொடுத்தாள். அன்று முதல் அதுவே முறையாகிவிட்டது. மகளுக்கு எழுத்துத் தெரியும், தாய்க்குச் சொல் தெரியும். இருவரும் சேர்ந்தால் ஒரு வாசகர்.

அரையரையாக நாளுக்கு ஒரு பக்கம் ஆயிற்று. கண் தேறிய பிறகும் பாடம் நிற்கவில்லை. கேட்டுக் கேட்டு என் மகளும் எழுத்துக் கூட்டப் பழகினாள். மறு வருஷம் ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது, என் மனைவி எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்று அகப்பட்டது. பருப்பு, எண்ணெய், பால்காரர் பாக்கி, நடுவில் "பாப்பாவுக்குக் காய்ச்சல், ஸ்கூல் போகவில்லை" என்று ஒரு வரி. முப்பத்தாறு வயதில் என் மகள் தன் தாயின் கையெழுத்தை முதன்முறையாகப் படித்தாள். நோட்டு இப்போது அவளிடம்தான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

சீர்காழியில் பிறந்து நூலகவியலுக்கே தந்தை எனப்பட்ட எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய புத்தகமும், புத்தகம் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரும் உண்டு என்று இரண்டு விதிகளை வைத்தார். ஆகவே நமக்குப் பிடித்ததைப் பிள்ளைகள் மேல் திணிக்க வேண்டாம். சிறு கதையோ, சமையல் குறிப்போ, துணுக்கோ, அவர்களுக்குரியது எதுவோ அதிலிருந்து தொடங்கலாம். என் அனுபவத்தில் இவை பயன் தந்தன:

1. நாள்தோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிஷம், ஒரு பக்கம், வாய்விட்டு. சாப்பாட்டுக்கு முன் வைத்தால் தவறாது.

2. முதல் மாதம் பெரியவர் படிக்கட்டும், பிள்ளை கேட்கட்டும். பிறகு ஆளுக்கு ஒரு வரி.

3. நடுவில் திருத்த வேண்டாம். பக்கம் முடிந்த பிறகு சொன்னால் போதும்.

4. சுவாரசியமான இடத்தில் நிறுத்துங்கள். கல்கி அதைத்தான் வாராவாரம் செய்தார்.

5. புத்தகம் கிடைக்கவில்லை என்ற சாக்கு இனி இல்லை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலும் பல நூல்கள் இலவசம். கல்கியின் படைப்புகள் 1999-ல் நாட்டுடைமை ஆகிவிட்டன. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். என் போன்ற கண்களுக்கு அது பெரிய உதவி.

என் பேத்தி இப்போது 'என் சரித்திரம்' படித்துக் காட்டுகிறாள். வடமொழிச் சொற்களில் தடுமாறுகிறாள். நான் பொருள் சொல்கிறேன். நாளுக்கு இரண்டு பக்கம்தான் ஓடுகிறது. அவசரம் இல்லை.

என் அலமாரியில் உள்ளவை எல்லாம் நம் சங்கத்து அன்பர்களுக்கும் உரியவை. ஞாயிறு காலையில் வீட்டில்தான் இருப்பேன். வந்து எடுத்துச் செல்லலாம். இரவல் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு, எடுத்ததில் ஒரு பக்கமாவது வீட்டில் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.